எபெலா சொன்னதும் நான் சொன்னதும்

ஜனவரி 9

காலையில் காலணி வாயைப் பிளந்துவிட்டது. ரப்பர் பால் தடவிக் கயிற்றால் கட்டிக்கொண்டு கிளம்பினேன். இன்று நான் வழிகாட்ட நான்கு விருந்தாளிகள், எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள். விடுதி வண்டியில் இருபதே நிமிடம். கதவைத் திறந்து இறங்கினால், மத்திய ஆப்பிரிக்கக் காட்டில் வேட்டையாடி வாழும் பயாக்கா மக்களின் குடிசைகள். அவ்வளவு பக்கம் என்பதால்தான் இந்த முகாமுக்கு இத்தனை பேர் வருகிறார்கள்.

வலை வேட்டை காட்டினோம். ஆண்கள் ஐந்து வலைகளை விரித்தார்கள், பெண்கள் கூவிக்கொண்டே புதர்களைத் தட்டி விரட்டினார்கள். ஒரு குட்டைமான்கூட விழவில்லை. விருந்தாளிகளுக்கு அதில் வருத்தமில்லை, படம் கிடைத்துவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஒருவர், "இவர்கள் எங்களிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறார்களா?" என்று கேட்டார். வருகிற கூட்டமெல்லாம் கேட்கும் கேள்விதான். எபெலாவிடம் திரும்பினேன். அந்த முகாமில் யார் பேசினாலும் கடைசியில் எபெலா பேச்சாகத்தான் முடியும். புருஷன் செத்து ஆறு வருடம், அதற்கப்புறம் நாக்கு இன்னும் கூர்மையாகிவிட்டது. வழக்கமாகச் சொல்வதையே இன்றும் சொன்னாள்.

"சொல்லு இவங்ககிட்ட. மூணு வருசமா ஒரே எடத்துல குந்த வச்சிருக்கீங்க. வண்டிச் சத்தத்துல மானெல்லாம் ஓடிப்போச்சு. தெனம் வெறுங்கூடையோட திரும்புறோம். நாங்க உள்ள போறோம், நாலு மணி நேர நடை தூரம். அங்க குடிசை போடப் போறோம். பாக்கணும்னா நடந்து வரட்டும். காலு இருக்குல்ல?"

நான் விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "நீங்கள் வந்ததில் இவர்களுக்கு ரொம்ப மகிழ்ச்சியாம்" என்றேன். கை தட்டினார்கள்.

வேறு என்ன சொல்வது? நாலு மணி நேரம் யார் நடப்பான்? விடுதி இந்தப் பயணத்தையே நிறுத்திவிடும். எனக்கு மட்டுமா நஷ்டம், அவர்களுக்கும்தான் உப்பு, சோப்பு, புகையிலை வந்துகொண்டிருக்கிறது. நான் செய்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

ஜனவரி 10

விடுதி மேலாளர் இலேர் கேட்டார்: "அவங்க இந்தக் கோடை முழுக்க அதே எடத்துல இருப்பாங்கல்ல? கேட்டியா?" கேட்டேன், சம்மதம்தான் என்றேன்.

ஜனவரி 14

விருந்தாளி இல்லாத நாள். புகைபோட்ட மீன் கொண்டுபோய் முகாமில் கோக்கோ என்கிற காட்டுக் கீரை இலைக்கு மாற்றினேன். அப்பா காலத்திலிருந்து நடப்பது. நாங்கள் ஆற்றுக்காரர்கள், அவர்கள் காட்டுக்காரர்கள். மீன் இந்தப் பக்கம், இலையும் இறைச்சியும் அந்தப் பக்கம். அப்படித்தான் அவர்கள் மொழி எனக்குச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. இன்று இறைச்சி இல்லை. இலை மட்டும்.

எபெலா கேட்டாள்: "சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். யோசிக்கிறாங்களாம்."

"நான் ஆத்து நீளத்துக்குப் பேசினேன். நீ வெரக்கடை நீளத்துல முடிச்சிட்டியே."

"பிரெஞ்சுல அப்படித்தான். சுருக்கமா சொல்லிரலாம்."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். அந்த "ஓ" எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 22

தாள் கிழிய அழுத்தி எழுதுகிறேன். கோபத்தில்தான். எழுதினால் அடங்குமா பார்ப்போம்.

இன்று ஆறு பேரைக் கூட்டிப் போனேன். வேட்டை முடிந்து உட்கார்ந்ததும் பெண்கள் நடுவில் வந்தார்கள். ஆட்டம் என்று நினைத்து விருந்தாளிகளும் கேமராவைத் தூக்கினார்கள். எபெலா தலையில் ஒரு சுரைக்குடுக்கையைத் தொப்பி மாதிரி கவிழ்த்திருந்தாள். இடுப்பில் கையை வைத்து, வயிற்றைத் தள்ளி, ஒரு காலணியைக் கயிற்றால் கட்டியவன் எப்படி இழுத்து நடப்பானோ அப்படி நடந்தாள். நான்! நானேதான்!

அவளுடைய மகளுக்கு எபெலா வேடம். கையை ஆட்டி ஆட்டி நீளமாக, மூச்சு விடாமல் பேசினாள். எபெலா தலையாட்டிக் கேட்டாள். பிறகு குடுக்கையைக் கழற்றி, உச்சந்தலையைச் சொறிந்து, மறுபடி மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு சத்தம் போட்டாள், கோழி கேறுவது மாதிரி. அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு. முகாமே தரையில் உருண்டு சிரித்தது.

பொய் சொல்லும்போது நான் தொப்பியைக் கழற்றிச் சொறிவேனா என்ன? நிஜமாகவா?

இது பயாக்கா பெண்களின் வழக்கம். யாராவது தப்பு செய்தால் திட்டமாட்டார்கள், விசாரணை வைக்கமாட்டார்கள். நடுவில் வந்து அவனைப்போலவே நடித்துக் காட்டுவார்கள். அவன் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கும்வரை விடமாட்டார்கள். கோபப்பட்டால் நாடகம் நீளும். எத்தனை பேர்மேல் ஆடிப் பார்த்திருக்கிறேன், வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். என்மேல் ஆடுவார்கள் என்று கனவிலும் நினைத்ததில்லை. நான் ஆற்றுக்காரன். வெளியாள். என்மேல் எப்படி?

"என்ன கதை இது?" என்று விருந்தாளிகள் ஆவலாகக் கேட்டார்கள். வேடனும் மானும், ரொம்பப் பழைய கதை என்றேன். குடுக்கைதான் மானின் தலை என்றேன். ஆஹா ஆஹா என்று எழுதிக்கொண்டார்கள்.

ஜனவரி 23

காலணியைத் தைக்கக் கொடுத்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

மறுபடியும். இந்தத் தடவை வேறு கூட்டம், வேறு நாடகம். இல்லை, அதே நாடகம்தான், வால் நீண்டுவிட்டது. எபெலா நானாக நடிக்கிறாள். மூன்று பெண்கள் விருந்தாளிகளாக நடிக்கிறார்கள், கண்ணுக்கு முன்னால் விரலை வட்டமாக்கிக் கேமரா. அவர்கள் 'என்ன இது' என்று கையால் கேட்கிறார்கள். எபெலா குடுக்கையைக் கழற்றிச் சொறிந்துவிட்டுத் தலைமேல் இரண்டு விரலைக் கொம்பாக வைத்துக் காட்டுகிறாள். விருந்தாளிகள் காட்டைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள்.

அன்றைக்கு நான் மான் என்று சொன்னது இவளுக்கு எப்படித் தெரிந்தது? நானே கொம்பு காட்டியிருப்பேன். சே!

கத்திவிட்டேன். விருந்தாளிகளுக்கு முன்னாலேயே. "போதும் நிறுத்துங்கடி! உங்களுக்காகத்தானே நாய் மாதிரி அலையுறேன்!" அடுத்த நொடி எபெலா அப்படியே என் குரலில், அதே கை நீட்டலோடு, கத்திக் காட்டினாள்.

முகாமின் சார்பாகப் பேசுகிற மொபேயாவை ஓரமாகக் கூப்பிட்டேன். அவன்தான் அங்கே நல்ல வேட்டைக்காரன். "ஒங்க பொம்பளைங்கள அடக்கி வைய்யா" என்றேன்.

"அடக்குறதா? போன மழையில எம்மேல ஆடுனாங்க, நாலு நாளு."

"நீ என்ன பண்ணுன?"

"மானோட ஈரல இலைக்குள்ள மறச்சு வச்சுட்டேன். பங்கு வைக்கல."

"அத கேக்கலய்யா. ஆடுனப்ப என்ன பண்ணுன?"

"மூணு நாளு மூஞ்சத் தூக்கி வச்சிருந்தேன். நாலாம் நாளு சிரிப்பு வந்திருச்சு. முடிஞ்சுது." என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தான். "நீ என்னத்த மறச்சு வச்ச?"

நேராகப் போய் வண்டியில் ஏறிவிட்டேன்.

பிப்ரவரி 2

சிரித்துத் தொலைத்துவிடலாம் என்று முடிவு செய்து போனேன். எபெலா தொப்பியைக் கழற்றும் கட்டம் வந்ததும் தலையைப் பின்னால் சாய்த்து, "ஹா ஹா ஹா!" என்று சிரித்தேன். தொடையைக்கூடத் தட்டினேன். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எபெலா தலையைப் பின்னால் சாய்த்து, தொடையைத் தட்டி, "ஹா ஹா ஹா" என்றாள். கண் மட்டும் சிரிக்கவே இல்லை, செத்த மீனின் கண் மாதிரி. அப்படித்தான் இருந்திருப்பேன் போல.

வீட்டுக்கு வந்து ஒடிலிடம் சொன்னேன். மனைவியாயிற்றே, ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று. மரவள்ளியை இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையை நிறுத்தினாள்.

"யோவ், தொப்பியக் கழட்டிச் சொறிவியே, அதா?"

"ஒனக்கும் தெரியுமா?"

"கல்யாணமாகிப் பதினாறு வருசம். எனக்குத் தெரியாம?" உலக்கையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். நிற்கவே இல்லை. நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 5

படகுத் துறையில் மீனவர் பிள்ளைகள் கொட்டாங்கச்சியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு காலை இழுத்து நடக்கிறார்கள். நான் வருவதைப் பார்த்ததும் தண்ணீரில் குதித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 8

இலேர் சொன்னார்: இந்த முகாமின் நாடகத்தைப் பற்றி விருந்தாளிகள் ரொம்பப் புகழ்கிறார்களாம். பயண அட்டையில் 'வேடனும் மானும்' என்று அச்சடிக்கலாமா என்று கேட்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஒரு பொய்யை மூட இன்னொன்று, அதை மூட மற்றொன்று. இப்போது அச்சுக்கே போகப்போகிறது. எபெலா கேட்டது என்ன? இடம் மாறவேண்டும் என்று சொல்லச் சொன்னாள். ஒரு வாக்கியம். அதைச் சொல்லத் துப்பில்லையாடா உனக்கு?

சொன்னால் வேலை போகும். ஒடில் தான் பிடிக்கும் மீனை மட்டும் வைத்து மூன்று பிள்ளைகளை எப்படிக் கரையேற்றுவாள்? சொல்லாவிட்டால் அந்த முகாம் இன்னொரு கோடையையும் வெறுங்கூடையோடு ஓட்டவேண்டும். மொபேயாவின் விலா எலும்பு தெரிகிறது. முன்பு தெரியாது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இரண்டே பேர். மார்ட்டீன் என்று ஒரு பெல்ஜியத்து அம்மாள், பிரசவம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியிருக்கும். கூட அவருடைய தம்பி.

இன்று எபெலா புதிதாக ஒன்று சேர்த்தாள். நானாக வந்து, முதலில் ஒரு மரத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இவங்க வந்ததுல ஒனக்குச் சந்தோசமா?" மரம் என்ன சொல்லும்? காதை வைத்துக் கேட்டாள். குடுக்கையைக் கழற்றினாள், சொறிந்தாள். "மரத்துக்கு ரொம்ப மகிழ்ச்சியாம்!" அடுத்து வெறுங்கூடையைக் கேட்டாள். "கூடைக்கு ரொம்ப மகிழ்ச்சியாம்!" அப்புறம் மொபேயாவின் வேட்டை நாயிடம் போனாள். கழுத்தில் மரமணி கட்டிய கிழட்டு நாய், வெயிலில் படுத்திருந்தது. குனிந்து பணிவாக, நான் குனிகிற மாதிரியே, "இவங்க வந்ததுல ஒனக்கு...?" என்றாள். நாய் எழுந்தது. அவளைப் பார்த்தது. திரும்பி நின்று, மார்ட்டீன் அம்மாளின் பைமேல் காலைத் தூக்கிவிட்டுப் போய்விட்டது.

எபெலா நாய் போன திசையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். குடுக்கையைக் கழற்றினாள்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மூக்கில் சளி வர, இருமி, மரத்தைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் உட்கார்ந்து சிரித்தேன். என் தொப்பி எங்கோ விழுந்தது. பெண்கள் ஓவென்று கூவினார்கள். எபெலா குடுக்கையைத் தரையில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் போய் அடுப்பைக் கிளறினாள். முடிந்துவிட்டது. அவர்கள் பக்கத்தில் முடிந்துவிட்டது.

மார்ட்டீன் அம்மாள் பையைத் துடைத்துக்கொண்டே, "என்னப்பா அது? எனக்கும் சொல்லேன்" என்றார்.

சொன்னேன். சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டேன், அடங்கியிருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். "அது நான். எபெலா மூன்று வருடமாக ஒன்று சொல்லச் சொல்கிறாள், நான் சொன்னதில்லை." எல்லாவற்றையும் சொன்னேன். மான் ஓடியது, வெறுங்கூடை, நாலு மணி நேர நடை, 'காலு இருக்குல்ல' என்பதுவரை. பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த அம்மாள் பையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "நாலு மணி நேரம்தானே? நடந்தால் போச்சு. இதை ஏன் யாரிடமும் கேட்கவே இல்லை?"

ஏன் கேட்கவே இல்லை. மூன்று வருடம். ஒரே ஒருவரிடம்கூட.

பிப்ரவரி 12

இலேரிடம் போய் நானே சொன்னேன். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "சம்மதம்னு என்கிட்ட சொன்னியே, அது?" பொய் என்றேன். "வேடனும் மானும்?" அதுவும் என்றேன். அச்சுக்குக் கொடுத்துவிட்டாராம். அவர் திட்டியதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. கடைசியில் சொன்னது: அந்த முகாம் எங்கே போனாலும் விருந்தாளிகளை ஏற்றுக்கொள்வதாக அவர்கள் வாயால் சொன்னால், பயணம் நடக்கும். இல்லையென்றால் வேறு முகாம், வேறு வழிகாட்டி.

நியாயம்தான். என் வாயை இனி யார் நம்புவார்?

பிப்ரவரி 19

முகாமுக்குப் போனேன். ஆள் இல்லை. குடிசை இலைகள் பழுத்துச் சரிந்து கிடக்கின்றன. சாம்பல் குளிர்ந்து மூன்று நாளாவது இருக்கும். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறார்கள்.

எதற்குச் சொல்லவேண்டும்.

மார்ச் 4

ஒடிலோடு வலை போட்டேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. "வழிகாட்டியோட கை" என்று கிண்டல் செய்தாள், பிறகு பனை எண்ணெய் தடவிவிட்டாள். விடுதிக்காரர்கள் வேறு ஒருவனைக் கூட்டிக்கொண்டு மேற்கே ஒரு முகாம் பார்த்துவிட்டு வந்தார்களாம்.

மார்ச் 15, சனி

போய்விட்டு வந்துவிட்டேன். விடியற்காலையில் கிளம்பினேன், தனியாக. எந்தப் பக்கம் என்று ஒருவாறு தெரியும், எபெலா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு ஓடைகள், ஒரு சதுப்பு, அட்டைக்கடி. மதியத்துக்குள் பெண்கள் கூவுகிற சத்தம் கேட்டது. வேட்டை நடந்துகொண்டிருந்தது.

அவர்கள் திரும்பியபோது மூன்று குட்டைமான்கள். கூடைகள் கனத்துப் பெண்களின் நெற்றியில் அவற்றைத் தாங்கும் பட்டை இறுகியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கத்தில்.

எபெலா என் பின்னால் எட்டிப் பார்த்தாள். "எங்க ஒன் வெள்ளக்காரங்க?"

"யாரும் வரல. நான் மட்டுந்தான்."

"எதுக்கு வந்த?"

"மறுபடி அவங்களக் கூட்டிட்டு வரலாமான்னு கேக்க. வேணாம்னா போயிடுறேன்."

பெண்கள் கூடிப் பேசினார்கள். நீண்ட நேரம், எல்லோரும் ஒரே சமயத்தில். என்னை உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் எபெலா வந்து சொன்னாள்: மாதத்துக்கு இரண்டு தடவை, அதற்குமேல் கிடையாது. நாங்கள் வராதே என்று சொல்லும் நாளில் வரக்கூடாது. நடந்து வரவேண்டும். "அப்புறம், நான் சொல்றத சொல்லு. நான் சொல்லாதத சொல்லாத."

"சரி" என்றேன்.

"ஆத்து நீளம்னா ஆத்து நீளம்."

"சரிங்கிறேன்ல!"

"கத்தாத. மறுபடி ஆடிருவோம்" என்றாள். மொபேயா தூரத்தில் நாயைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

மார்ச் 17

மொபேயாவும் எபெலாவும் நடந்தே ஊருக்கு வந்து இலேரிடம் நேராகப் பேசினார்கள். நான் வாய் திறக்கவில்லை. விடுதிச் சமையல்காரப் பெண்ணுக்கு அவர்கள் மொழி தெரியும், அவளைத்தான் பேசவைத்தார்கள். உறைத்தது. உறைக்கட்டும்.

ஏப்ரல் 6

முதல் கூட்டம் போய் வந்தது. எட்டுப் பேர் பதிந்திருந்தார்கள், நடை என்றதும் ஐந்து பேர் விலகிவிட்டார்கள். மாதத்தில் எட்டு நாள் வேலை இனி இரண்டு நாள்தான். மீதி நாட்களில் ஒடிலின் படகு.

ஏப்ரல் 24

மூன்று பேர். சதுப்பில் ஒருவர் இடுப்புவரை இறங்கிவிட்டார், மொபேயா தூக்கிவிட்டான். அவர்களில் நூலக வேலை பார்க்கும் நடுவயதுப் பெண் ஒருத்தி. அவளுக்கு எபெலாவை ரொம்பப் பிடித்துவிட்டது, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு ஆனபிறகு என்னிடம், "இவருக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டாள். இதுவும் எல்லோரும் கேட்பதுதான். பதில் என் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு எபெலாவிடம் கேட்டேன்.

அவள் கோக்கோ இலையை நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அத இவளுக்குச் சொல்லணுமா?"

"'அதை உங்களுக்குச் சொல்லவேண்டுமா' என்று கேட்கிறாள்" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "வேண்டாம், வேண்டாம். நான் கேட்டதே தப்பு. மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

அதைச் சொன்னேன். எபெலாவின் கத்தி நின்றது. "இது அவ சொன்னதா, நீ சொன்னதா?"

"அவ சொன்னதுதான்."

எபெலா என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைத்தான் பார்த்தாள், ரொம்ப நேரம். பிறகு மறுபடி இலையை எடுத்துக்கொண்டு, "அஞ்சு. ரெண்டு இருக்கு. மூணு மண்ணுல. சொல்லு" என்றாள்.

சொன்னேன்.

இந்தக் கேள்விக்கு, வழிகாட்டியாக இருக்கும் இந்தப் பதினொரு வருடமாக, ஒரு தடவைகூட அவளிடம் கேட்காமல், "ஏழு, எல்லோரும் நலம்" என்று நான் சொல்லி வந்திருக்கிறேன். ஏழு என்றால் விருந்தாளிகள் வியப்பார்கள் என்று.